சுவத்துல தலை படுதா?

எங்க தொழில்ல, வர்ற ஆளு வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே அவரு முதுகு பேசி முடிச்சிருக்கும்.

அந்தமான்ல இருந்து ஒருத்தன் எழுதறான்னதும் நீங்க எதுக்குத் தயாராகுறீங்கன்னு எனக்குத் தெரியும். நீலக் கடல், அடியில கண்ணாடி போட்ட படகு, பழைய ஜெயிலு, ரெண்டு தென்னை மரத்துக்கு நடுவுல ஒரு சூரிய அஸ்தமனம். இல்லீங்க. கூன். முதுகு முன்பக்கமா வளையுது பாருங்க, அந்தக் கூன். படிச்சதும் சட்டுன்னு நிமிந்து உக்காந்தீங்கள்ல? பாத்துட்டேன். எல்லாரும் அப்படித்தான். ரெண்டு பாரா தாண்டுனா மறுபடி வளைஞ்சிடுவீங்க, அதுவும் தெரியும். வாங்க, சக கூனர்களே.

நான் பிசியோதெரபிஸ்ட். அபர்டீன் பஜார்ல மாடியில சின்னதா ஒரு கிளினிக். கூடவே கொஞ்சம் மிமிக்ரி. ஒரு ஆளு நாலடி நடந்தா போதும், அஞ்சாவது அடியை அவரு மாதிரியே நான் வச்சுக் காட்டுவேன். இதை இப்போ எங்க உக்காந்து எழுதறேன்னா, ஒரு எக்ஸ்ரே ரூம் வாசல் பெஞ்சுல. டோக்கன் பதினேழு. பேஷண்ட் வேற யாரும் இல்ல, நானேதான். எங்கப்பா கடைசி காலத்துல தரையைத் தவிர வேற எதையும் பாக்க முடியாத அளவுக்கு வளைஞ்சு போனாரு. எனக்கும் அதேதானா, இல்லையான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். அது தெரியாம இருக்கிறதுக்கு நான் இத்தனை நாள் என்னா பாடுபட்டேன்னு, என் நம்பரைக் கூப்பிடறதுக்குள்ள சொல்லிடறேன்.

யாரு அந்தப் பெரியவர்?

எங்க கிளினிக்குக்கு இருபத்திரெண்டு படி ஏறணும். முதுகு வலிக்காரங்களுக்குப் போய் மாடியில கடை போட்ட மேதாவின்னு பஜார்ல எனக்கு நல்ல பேரு. ஆனா எனக்கு அது வசதி. ஆளு படியேறி வரும்போதே மேல நின்னு பாத்து வச்சுக்குவேன். டோக்கன் கூப்பிடறது சாந்தா. மின்னி பேங்கிற கடலோர ஏரியாவுல இருந்து தினம் டவுன் பஸ்ல வர்ற பொண்ணு. அவ மாடியில நின்னு “ஏழாம் நம்பர்!”னா கீழ ஆட்டோ ஸ்டாண்டுல ஏழு பேரு திரும்பிப் பாப்பாங்க. அவகிட்ட ரகசியம்னு ஒண்ணு தங்கவே தங்காது, குரல் அப்படி.

உள்ள ஒரு பச்சைச் சுவரு. குதிகால், இடுப்பு, முதுகு மூணும் ஒட்டுற மாதிரி நிக்கணும். மோவாயைத் தூக்காம நின்னா தலை சுவத்துல படணும். படலைன்னா தலைக்கும் சுவத்துக்கும் நடுவுல எத்தனை விரல் நுழையுதுன்னு எண்ணுவேன். இத்தனை வருஷத்துல தலை பட்டுப் பட்டு அங்க வட்டமா ஒரு தேங்கா எண்ணெய்க் கறை. பெயிண்டர் மூணு தடவை அடிச்சான், மூணு தடவையும் கறை மேல வந்து நின்னுச்சு.

ஒரு நாள் ஒரு ஆபீஸ்ல இருந்து ஹெட் கிளார்க் ஒருத்தர் வந்தாரு. சுவத்துல நிக்க வச்சேன், அஞ்சு விரல். ஒத்துக்க மாட்டேன்னுட்டாரு. “நான் சீதாதான் நிக்கிறேன், உங்க சுவருதான் சாஞ்சிருக்கு”ன்னாரு. சீதான்னா எங்க தீவு இந்தியில நேரா. சரி, வாயால சொல்லிப் பிரயோசனமில்லன்னு, அவரு படியேறி வந்ததை நடிச்சுக் காட்டுனேன். கழுத்தை ஆமை மாதிரி முன்னால நீட்டி, தோள் ரெண்டையும் உள்ள மடிச்சு, நெஞ்சுல ஒரு ஃபைலை அணைச்சுக்கிட்டு, மூணு படிக்கு ஒருக்கா மூச்சு வாங்கி. பாத்துக்கிட்டே இருந்தவரு கண்ணு கலங்கிடுச்சு. “அய்யோ பாவம், யாரு சார் அந்தப் பெரியவர்? உடனே வரச் சொல்லுங்க, என் டோக்கனை வேணா அவருக்குக் குடுத்துடறேன்!”

செருப்பை வச்சு ஆள் கண்டவர்

எங்கப்பா ராமநாதபுரம் பக்கம். கப்பலேறி இங்க வந்து, ரோடு போடற கேங்குல கல்லு ஒடைச்சாரு. நாப்பது வயசுக்குள்ளயே முதுகு மடங்க ஆரம்பிச்சிடுச்சு. கல்லு ஒடைச்சா முதுகு வளையாம என்ன செய்யும்னு எல்லாரும் சொன்னாங்க, அவரும் நம்பிட்டாரு. காலையில எந்திரிச்சா மரக்கட்டை மாதிரி விறைச்சிருப்பாரு. ஒரு மணி நேரம் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தா லேசாகும். லீவு நாள்ல படுத்தே கிடந்தா வலி கூடும், வேலைக்குப் போனா குறையும். கல்லால வந்த வலின்னா கல்லு ஒடைக்கும்போதுல்ல கூடணும்? இந்தக் கேள்வியைக் கேக்க அப்போ ஒருத்தருக்கும் தோணல. நான் இந்தப் படிப்பு படிச்சுத் திரும்பி வந்தப்போ அவரு முதுகெலும்பு முழுக்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரே கம்பியா ஆயிடுச்சு. அதுக்கு மேல என் படிப்பை வச்சு அவருக்குத் தலகாணிதான் சரி பண்ண முடிஞ்சது.

தரை மட்டும்தான் தெரியும். மனுஷன் அதுலயும் கெட்டிக்காரரு. ஊர்ல அத்தனை பேரையும் செருப்பை வச்சே அடையாளம் கண்டாரு. “வாங்க வாத்தியாரே, அறுந்த வாரைத் தச்சாச்சு போல”ம்பாரு. கூட வேலை பாத்த கருப்பையா மாமா வந்தா, “கருப்பையா, கட்டைவிரல்ல என்னடா காயம்?”ம்பாரு. அப்பாவோட நடையை அவருக்கே நான் நடிச்சுக் காட்டுனா, என் காலை மட்டும் பாத்தே மார்க்குப் போட்டுச் சிரிப்பாரு.

எனக்கு மொத வேலை கெடைச்சதும், பளபளன்னு ஒரு கறுப்பு ஷூ வாங்கிப் போட்டுக்கிட்டு, ஒண்ணும் பேசாம பெருமையா அவரு முன்னாடி போய் நின்னேன். அப்பா அந்த ஷூவை ரொம்ப நேரம் பாத்தாரு. வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, ரொம்ப மரியாதையா கேட்டாரு: “சாருக்கு யாரைப் பாக்கணும்?”

கருப்பையா மாமாகிட்ட மார்க் வாங்குறது

அப்பா போனப்புறம் அந்த நடையை மேடையில ஏத்துனேன். எங்க ஆளுங்க வருஷா வருஷம் நடத்துற பொங்கல் விழாவுல கடைசி ஐட்டம் அதுதான். யாரும் அழுக மாட்டாங்க, சிரிப்பாங்க. அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும். கருப்பையா மாமா இப்போ வடக்க ரொம்ப தூரத்துல, மாயாபந்தர்ல மக வீட்ல இருக்காரு. விழாவுக்குன்னே பஸ்ஸேறி வந்து, மொத வரிசையில கைத்தடியை நட்டு வச்சு உக்காந்துக்குவாரு. அவரு ஒருத்தருதான் ஜட்ஜு. ஒரு வருஷம் “இடது தோளு எறக்கம் பத்தல”ன்னாரு. மறு வருஷம் “கழுத்துல திமிரு நிக்குது, அவனுக்குத் திமிரெல்லாம் வாயிலதான்”ன்னாரு. அதுக்கடுத்த வருஷம் ஒரு மாசம் கண்ணாடி முன்னாடி நின்னு, தோளு, கழுத்து, முட்டி எல்லாத்தையும் சரி பண்ணி ஆடிட்டு வந்து, மாமா எப்படின்னேன். வெத்தலையை ஒதுக்கிட்டுச் சொன்னாரு: “எல்லாம் இருக்கு மாப்ள, உங்கப்பன் மட்டும் இல்ல.”

ஏறிப்போன அலமாரி

மரகதம் டீச்சர் ரிட்டயராகி நாலஞ்சு வருஷம் இருக்கும். இந்த ஊர்ல பாதிப் பேரு அவங்ககிட்ட கொட்டு வாங்குனவங்க, நானும் உண்டு. இன்னிக்கும் அவங்க படியேறுற சத்தம் கேட்டா என் கை தானா நகத்தைப் பாத்துக்கும். வந்ததும் வராததுமா ஒரு கார்பெண்டர் மேல புகாரு. சமையக்கட்டுல அலமாரி அடிக்கச் சொன்னா அளவு தெரியாம ஒசரத்துல அடிச்சிட்டானாம். எட்டி எட்டி எடுத்துத்தான் முதுகு போச்சாம். போன வருஷம் எட்டுன ஊறுகா பாட்டில் இந்த வருஷம் எட்டலியாம். அவனைக் கூப்பிட்டுத் திட்டி, மறுபடி அளக்க வச்சு, அவன் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருக்கான்.

போன வருஷம் எட்டுச்சு, இந்த வருஷம் எட்டலைன்னா, அலமாரியா டீச்சர் ஏறும்? சுவத்துல நிக்க வச்சேன், நாலு விரல். பழைய பாஸ்போர்ட்ல எழுதியிருந்த ஒசரத்துக்கும் இப்பவுக்கும் ரெண்டு இஞ்ச் காணோம். டாக்டர்கிட்ட அனுப்புனேன். எலும்பு தேஞ்சு, முதுகெலும்புல ரெண்டு கட்டை முன்பக்கமா நசுங்கியிருக்குன்னு எக்ஸ்ரேல வந்துச்சு. பொம்பளைங்க நெறையப் பேருக்கு வயசாக ஆக எலும்பு அரிசிப் பொரி மாதிரி ஆயிடும். கீழ விழவே வேணாம், குனிஞ்சு ஒரு தண்ணிக் குடத்தைத் தூக்குனாலே நசுங்கிடும். அதுக்கு மாத்திரை, ஊசி, கால்சியம், வெயில்ல கொஞ்சம் நடை, அப்புறம் முதுகுத் தசைக்கு நான் குடுக்குற பயிற்சி. குனிஞ்சு கனம் தூக்கவே கூடாது. எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க, அடிக்கோடு போட்டுக்கிட்டாங்க. கடைசியா மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு, வகுப்புல யாரோ பிட் அடிச்சுட்ட மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேட்டாங்க: “அப்போ அந்தக் கார்பெண்டர்கிட்ட நான்தான் மன்னிப்பு கேக்கணுமா?”

ஜபருல்லா பாய் கத்திரி

எங்க மாடிப்படிக்குக் கீழ ஜபருல்லா பாய் தையல் கடை. இந்த ஊர்ல கூனை மொதல்ல கண்டுபிடிக்கிற ஆளு டாக்டரும் இல்ல, நானும் இல்ல, பாய்தான். முதுகு வளைய வளைய சட்டை பின்னாடி ஏறும், முன்னாடி தொங்கும். கஸ்டமரு வந்து “பாய், அளவு தப்பு”ன்னு சண்டை போட்டா, டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு மாடியைக் கை காட்டுவாரு. இப்படி எனக்கு அவரு அனுப்புன ஆளுங்க ஏராளம்.

போன தீபாவளிக்கு எனக்கு ஒரு சட்டை தச்சாரு. பின்னாடி ஏறுது. “என்ன பாய், கத்திரி தவறிடுச்சா?”ன்னேன். அவரு என்னைப் பாத்தாரு, படியைப் பாத்தாரு, மறுபடி என்னைப் பாத்தாரு. நான் அவசர வேலை இருக்கிற மாதிரி மேல ஏறிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு சட்டை. கச்சிதம்! பின்னாடி, முன்னாடி ரெண்டும் ஒரே கோட்டுல. கடைக்கு ஓடிப்போய், “பாத்தீங்களா பாய், அன்னிக்கு உங்க கத்திரிதான் தப்பு, இன்னிக்குச் சரியா வந்துடுச்சுல்ல?”ன்னேன். கடையில நாலு பேரு வேற. மனுஷன் காஜா எடுக்கிறதை நிறுத்தக்கூட இல்ல. “பின்னாடி ஒண்ணரை இஞ்ச் சேத்துத் தச்சிருக்கேன் பிசியோ சார், பழைய அளவுலயே வேணும்னா அந்தப் பழைய ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

ரெண்டு வருஷத் திட்டு

(நிமிந்தீங்களா? சும்மா கேட்டேன்.)

ஒரு அம்மா பதினாலு வயசுப் பொண்ணைத் தரதரன்னு இழுத்துட்டு வந்தாங்க. பொண்ணு வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே நோய், காரணம், தீர்ப்பு மூணும் அம்மாவே சொல்லிட்டாங்க. நோய் கூன், காரணம் மொபைல், தீர்ப்பு மொபைலைப் பிடுங்கணும். நெறைய பிள்ளைங்களுக்கு அது நெஜம்தான். ஆனா அந்தக் கூனு ஒரு பாசாங்குக் கூனு. குப்புறப் படுக்கச் சொன்னா நேராயிடும், நெஞ்சை நிமித்தச் சொன்னா காணாம போயிடும். இந்தப் பொண்ணைக் குப்புறப் படுக்க வச்சேன், மேடு அப்படியே நின்னுச்சு. நிமிரச் சொன்னேன், அது பாவம் பல்லைக் கடிச்சுக்கிட்டு முயற்சி பண்ணுது, மேடு அசையல. எக்ஸ்ரேல பாத்தா முதுகெலும்புக் கட்டை மூணு நாலு, முன்பக்கம் வளராம ஆப்பு மாதிரி இருக்கு. வளர்ற வயசுல சில பிள்ளைங்களுக்கு வர்றது. பெல்ட்டு மாதிரி ஒரு கவசம் போட்டு, பயிற்சி செஞ்சா, வளர்ச்சி நிக்கிறதுக்குள்ள நல்லாவே கட்டுப்படுத்தலாம். ரொம்ப ரொம்ப முத்திப் போனாத்தான் ஆபரேஷன் பேச்சே.

இதை நான் விளக்கி முடிச்சதும் அம்மா மூஞ்சி சுருங்கிடுச்சு. பொண்ணு எந்திரிச்சு, முடியைச் சரி பண்ணிக்கிட்டு, நேரா அம்மாவைப் பாத்துக் கேட்டுச்சு: “அப்போ ரெண்டு வருஷமா நிமிரு நிமிருன்னு வாங்குன திட்டை எல்லாம் யாரு திருப்பி எடுத்துக்குவா?”

தொடாத வைத்தியம்

ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாயாபந்தர்ல கேம்ப் போடுவேன். விடியுறதுக்கு முன்னாடி பஸ்ஸு, நடுவுல பஸ்ஸோட சேத்து நம்மளையும் ஏத்திக்கிற பெர்ரி, மறுபடி பஸ்ஸு. போய் எறங்குறப்போ உடம்பு வெந்த இறால் மாதிரி சுருண்டிருக்கும். அந்த உடம்போட போய் அடுத்தவனை நிமிருங்கிறதுதான் என் பொழப்பு.

அங்க ஒரு பெங்காலி விவசாயி தன் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தாரு. பேச்செல்லாம் எங்க எல்லாருக்கும் பொதுவான இந்தியிலதான். “பாக்கு மூட்டை தூக்கித் தூக்கி இவளுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, நல்லா மாலிஷ் போட்டுத் தேச்சு விடு”ன்னாரு. முதுகைப் பாத்தேன். எல்லாக் கூனும் வில்லு மாதிரி வளையும், இது அப்படி இல்ல. ஒரே எடத்துல மட்டும் முனையா, கூரைச் சட்டம் துருத்துற மாதிரி. சாயங்காலமானா காய்ச்சல் வருதான்னு கேட்டேன், ஆமா. உடம்பு எளைச்சிருக்கான்னேன், அந்தம்மா வளையலை முழங்கை வரைக்கும் ஏத்திக் காட்டுச்சு. நான் நீட்டுன கையைப் பின்னால இழுத்துக்கிட்டேன். டிபி நுரையீரலுக்குத்தான் வரும்னு நெனைக்கிறோம், முதுகெலும்புக்கும் வரும். அங்க போய் மாலிஷ் போட்டா காலே விளங்காம போயிடலாம். ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்து, இன்னிக்கே போங்கன்னேன். அவரு கொதிச்சுப் போனாரு. “இவ்ளோ தூரம் நடந்து வந்தா முதுகைத் தொடவே மாட்டேங்குற, நீ என்னா பிசியோ?”ன்னு, வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி திட்டிட்டுப் போனாரு. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனாரு.

டாக்டர் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் ஒரு வேளை விடாம அந்தம்மா மாத்திரை சாப்பிட்டிருக்கு. ரொம்ப நாள் கழிச்சு ஒரு மத்தியானம், ரெண்டு பேரும் எங்க இருபத்திரெண்டு படியையும் ஏறி வந்து நின்னாங்க. மேடு கொஞ்சம் மிச்சம் இருக்கு, வலி இல்ல, வளையல் மணிக்கட்டுலயே நிக்குது. அவரு தோள்ல ஒரு வாழைத்தாரு. அதை சாந்தா டேபிள் மேல தொப்புன்னு எறக்கி வச்சுட்டுச் சொன்னாரு: “அன்னிக்கு நீ தொடாம விட்டதுக்கு.”

தலையாட்டுற பிசியோ

தீவுக்குத் தீவு போற கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பாக்குற பையன் சேகர். முப்பது வயசு இருக்கும். மூணு விரல். “கீழ கூரை தாழ்வு சார், குனிஞ்சே நடந்து குனிஞ்சு போச்சு”ன்னான். எங்கப்பாவோட கல்லு மாதிரியே இவனுக்கு ஒரு கூரை. நான் வரிசையா கேட்டேன். காலையில விறைப்பு இருக்கா? அரை மணி நேரத்துக்கு மேலயா? நடந்தா குறையுதா? உக்காந்தே இருந்தா கூடுதா? விடியக்காலம் வலியில முழிப்பு வருதா? வீட்ல யாருக்காவது இருந்துச்சா? எல்லாத்துக்கும் ஆமான்னான். இது முதுகெலும்பை ஒட்ட வைக்கிற ஒரு வாத நோய். ரத்தத்துல வழிவழியா வரலாம். சீக்கிரம் பிடிச்சா மருந்து இருக்கு, தினமும் பயிற்சி இருக்கு, எதிர்த்தாப்ல கடல் இருக்கு நீச்சலடிக்க. ஒட்டுனப்புறம் பிரிக்கிற மருந்து மட்டும் கிடையாது. அன்னிக்கே அவனை மூட்டு டாக்டர்கிட்ட அனுப்பி வச்சேன். இப்போ நல்லா இருக்கான்.

இப்போ உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்கும் முப்பது வயசுல இருந்து காலையில விறைப்பு உண்டு. பாயை மாத்துனேன், தலகாணியை மாத்துனேன், கட்டிலை மாத்துனேன், கட்டில் போட்டிருந்த ரூமை மாத்துனேன். அதே டாக்டர்தான், என் சிநேகிதரு, எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாரு. எக்ஸ்ரே ஒண்ணு, ரத்தப் பரிசோதனை ரெண்டு. அந்தச் சீட்டு என் மேசைக் கண்ணாடிக்கு அடியில எட்டு மாசம் பத்திரமா இருந்துச்சு. அந்த வழியா போனா நான் வேற பக்கம் பாத்துக்குவேன், பச்சைச் சுவத்துக்கு முதுகைக் காட்டவே மாட்டேன். எடுத்தா தெரிஞ்சிடும். எடுக்காத வரைக்கும் நான் அப்பா நடையை மேடையில மட்டும் நடக்குறவன். சேகர் அன்னிக்கு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து கேட்டான்: “சார், நான் ஒவ்வொண்ணுக்கும் ஆமான்னு சொல்றதுக்கு முன்னாடியே நீங்க தலையாட்டுனீங்களே, உங்களை யாரு பாக்குறாங்க?”

இந்த வருஷப் பொங்கல்

மின்னி பேல ஒரு மைதானம், ஷாமியானாப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி. மரகதம் டீச்சர் வீட்ல இருந்தே நேர்முதுகு நாற்காலி ஒண்ணைத் தூக்கிட்டு வர வச்சிருந்தாங்க. தூக்கிட்டு வந்தது யாருன்னு பாத்தா, அந்தக் கார்பெண்டர். ஜபருல்லா பாய் குடும்பத்தோட வந்து, சக்கரைப் பொங்கலை ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டிருந்தாரு. மொத வரிசையில கைத்தடியோட கருப்பையா மாமா. நிகழ்ச்சித் தொகுப்பு சாந்தா. தேவையில்லாத ஆளு கையில மைக்கைக் குடுத்திருந்தாங்க.

என் ஐட்டம் கடைசி. என் திட்டம் இதுதான்: மொதல்ல சாதாரணமா நானா மேடையேறி, மைக் வரைக்கும் நடந்து போய், நாலு வார்த்தை வணக்கம் சொல்லி, அப்புறம் ஹெட் கிளார்க், அப்புறம் இன்னும் நாலஞ்சு பேரு, கடைசியா அப்பா. வரிசையா தலைவருங்க பேசுனாங்க. ரெண்டு மணி நேரம் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தே கிடந்தேன். சாந்தா பேரைக் கூப்பிட்டதும் எந்திரிச்சேன். இடுப்பு உடனே சம்மதிக்கல. ஜபருல்லா பாய் ஒண்ணரை இஞ்ச் சேத்துத் தச்ச சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, மேடையேறி, மைக்கைப் பாத்து நடந்தேன். பத்தடி இருக்கும்.

நாலாவது அடியில கருப்பையா மாமா கைத்தடியை ஊனி எந்திரிச்சிட்டாரு. “இதுடா! இதுதான்டா! உங்கப்பனை எறக்கிட்டியேடா!”ன்னு கத்துறாரு. கண்ணுல தண்ணி. கூட்டம் மொத்தமும் கை தட்டுது, பின்னாடி யாரோ விசில். மிமிக்ரிக்காரனுக்கு டைமிங்தான் உயிரு. இத்தனை வருஷத்துல கைதட்டல் எனக்கு முன்னாடி மைக்குக்கு வந்து சேந்தது அன்னிக்குத்தான். மரகதம் டீச்சரைப் பாத்தேன், அவங்க தட்டல. பாய் பொங்கல் கிண்ணத்தைக் கீழ வச்சிட்டாரு. இருந்தாலும் சமாளிச்சிருப்பேன். அப்படியே ஒரு வணக்கத்தைப் போட்டு, நடிப்புதான்னு எல்லாரையும் நம்ப வச்சு, நானும் நம்பிக்கிட்டு, அந்தச் சீட்டை இன்னொரு எட்டு மாசம் கண்ணாடிக்கு அடியில தூங்க விட்டிருப்பேன். கையைக் கூப்பவும் தூக்கிட்டேன்.

அதுக்குள்ள சாந்தா, பொய்க் கைதட்டைப் பொறுக்காத நல்ல மனசோட, ஆன்ல இருந்த மைக்குல, கடல் வரைக்கும் கேக்கற அந்தக் குரல்ல சொல்லிட்டா: “மாமா, இப்பவே தட்டாதீங்க, சார் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, இது அவரு சும்மா நடக்குறது!”

ஊரு முதுகெல்லாம் எனக்குத் தெரியும், என் முதுகு மட்டும் எனக்கு முன்னாடி ஊருக்கே தெரிஞ்சிருக்கு. சரி, பதினேழைக் கூப்பிடுறாங்க, நீங்க நிமிந்து உக்காருங்க.